காவல் மாத்திரையும் ஏமாறும் பரிசோதனையும்

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. எனக்கு வராமலிருக்க டாக்டர் தினமும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். மாத்திரை சாப்பிடும் காலத்தில் டெஸ்ட்டில் 'இல்லை' என்று வந்தால் நம்பலாமா?"

பெரும்பாலும் நம்பலாம். டெனோஃபோவிரும் எம்ட்ரிசிட்டபினும் சேர்ந்த அந்த மாத்திரையை ப்ரெப் என்பார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழியாக வரும் தொற்றை ஏறக்குறைய 99 சதவீதம் தடுக்கும். கணவர் தன் எச்.ஐ.வி. சிகிச்சைக்கான கூட்டு மருந்தை விடாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தே இருந்தால், உடலுறவில் அவரிடமிருந்து பரவாது. ஆனாலும் கேள்வி கூர்மையானது. மாத்திரையை நடுநடுவே விட்டு, தொற்றும் நுழைந்துவிட்டால்?

நம்பிக்கை மையத்தில் செய்யும் துரிதப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. வைரஸுக்கு எதிராக நம் உடல் தயாரித்த ஆன்டிபாடியைத் தேடுகிறது. ஏற்காட்டில் எஸ்டேட் காவலாளி இரவில் வந்த காட்டெருமையை எங்கே பார்த்தார்? காலையில் மிதிபட்ட காபிச் செடிகளை வைத்துத்தான் சொல்கிறார். கட்டிப்போட்ட எருமை செடியை மிதிக்காது.

மாத்திரை வைரஸைக் கட்டிப்போடுவது எப்படி என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். வைரஸ் தன் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை, நம் செல்லில் உள்ளதுபோன்ற டி.என்.ஏ.வாக மாற்றினால்தான் செல்லுக்குள் குடியேற முடியும். மாத்திரையின் மருந்துகள் டி.என்.ஏ. கட்டும் பொருள்போலவே வேஷம் போட்டு அந்தச் சங்கிலியில் ஏறிக்கொள்கின்றன. அடுத்த கண்ணி பிடிக்கக் கொக்கி அவற்றில் இல்லை, சங்கிலி அங்கேயே நிற்கும். ஓரிரு செல்களில் வைரஸ் தப்பித்தாலும் பெருகுவது மிக மெதுவாகத்தான். நல்ல ஆன்டிபாடி உருவாக, நிணநீர்க் கணுக்களில் அதைத் தயாரிக்கும் பி செல்கள் பல சுற்றுகள் பெருகவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வைரஸை இன்னும் இறுக்கிப் பிடிப்பவையே தேறும். அதற்கு வைரஸ் புரதம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கவேண்டும். புரதம் குறைந்தால் ஆன்டிபாடியும் தாமதமாகும். வழக்கமாகச் சில வாரங்களில் தெரியவேண்டியது மாதக்கணக்கில் இழுக்கலாம், பரிசோதனை அட்டையில் கோடு மங்கலாக விழலாம், ஒருமுறை தெரிந்து மறுமுறை மறையவும் செய்யலாம்.

இதே காவலுக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் ஊசியில் இந்தக் கண்ணாமூச்சி இன்னும் அதிகம். நிறுத்தி ஓராண்டுக்கு மேலும்கூட மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடலில் தங்கும்.

தாமதத்தில் ஆபத்து என்ன? இரண்டு மருந்து தடுப்புக்குப் போதும், சிகிச்சைக்குப் போதாது. தொற்று தெரியாமல் அவற்றையே தொடர்ந்தால், வைரஸ் உருமாறித் தப்பிக்க வழி கிடைக்கும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் வைரஸின் நொதியில் 184-ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் எம்ட்ரிசிட்டபின் பலிக்காது. அதனால்தான் ப்ரெப் தொடங்கும் முன்பே பரிசோதனை கேட்கிறார்கள்.

வைரஸின் ஆர்.என்.ஏ.வையே தேடும் சோதனை பெரும்பாலும் முந்திக்கொள்ளும், ஆனால் செலவு அதிகம். 'எய்ட்ஸைக் குணமாக்கும்' லேகியத்துக்குச் சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் நம் ஜனங்கள் கொட்டும் காசைப் பார்க்கும்போது, இந்தச் சோதனையை எல்லா மாவட்டத்திலும் இலவசமாக்கினால் என்ன என்று எரிச்சல் வருகிறது.

சரி, வாசகிக்கு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ப்ரெப் சாப்பிடுவதையும், எத்தனை நாள் விட்டுப்போனது என்பதையும் ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் சம்மதமின்றி அவர் வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. கோடு மங்கலாக வந்தாலோ, காய்ச்சலும் கழுத்தில் நெறிகட்டலும் சேர்ந்து வந்தாலோ, ஆர்.என்.ஏ. சோதனை வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். சந்தேகத்துக்கு 1097 என்ற இலவச எண் இருக்கிறது.