பாட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு

தொண்ணூறைத் தாண்டிய பாட்டி. ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர் என்பதால், அவரைப் பார்க்க வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். போன மாதம் வேனில் ஒரு கூட்டம் வந்தது. அதில் இரண்டு பேருக்கு இருமல். நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

"காய்ச்சல் எல்லாம் இல்லை டாக்டர், சும்மா படுத்தே இருக்காங்க" என்றார் மருமகள். பாட்டி யாரிடமும் பேசவில்லை. போர்வையின் ஓரத்தை விரலால் நிமிண்டிக்கொண்டே இருந்தார். நிமோனியா. பிழைத்துவிட்டார், சரி. ஆனால் தானாக எழுந்து நடமாடியவர், இப்போது யாராவது பிடித்தால்தான் நடக்கிறார்.

வந்தவர்களைக் கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "அந்தக் காலத்து உடம்பு டாக்டர், வைரம் பாய்ந்த கட்டை. ஒன்றும் ஆகாது." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இத்தனை வருடம் தாக்குப்பிடித்தார் என்றால், இதுவரை தாக்குப்பிடித்தார் என்றுதான் அர்த்தம். நோய் எதிர்ப்புச் சக்திக்கும் வயதாகிறது. தடுப்பூசி போட்டால்கூட இளைஞர்களுக்குக் கிடைக்கும் அளவு பாதுகாப்பு கிடைப்பதில்லை (அதற்காகப் போடாமல் இருந்துவிடாதீர்கள்). சளியை இருமித் துப்பவும் தெம்பு குறைவு. காய்ச்சலும் சரியாகக் காட்டாது: வழக்கமாக 97.4 இருப்பவருக்கு 99.6 காட்டினாலே எனக்கு அது காய்ச்சல்தான். தெர்மாமீட்டரைவிட நான் மூச்சைத்தான் நம்புவேன். நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டால் தாமதிக்க மாட்டேன்.

உங்களுக்கு லேசாகத் தொண்டை கரகரத்தாலும் வராதீர்கள். ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அதனால் நன்றாக இருப்பவர்களும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பக்கத்தில் போங்கள். மூக்கு ஒழுகும் குழந்தையை மடியில் வைத்துப் போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள்.

போட்டோ என்றதும் இன்னொன்று. படுத்திருப்பவரைக் கையைப் பிடித்து இழுத்து நிற்க வைக்கிறீர்களே! சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். விழுந்தால் இடுப்பெலும்பு. இழுத்த இடத்தில் தோல் உரிந்து வருவதும் உண்டு, அவ்வளவு மெல்லிய தோல். அவர் உட்கார்ந்தபடியே இருக்கட்டும், நீங்கள் குனிந்துகொள்ளுங்கள். அப்புறம், படுத்திருக்கும்போது வாயில் எதையும் ஊட்டாதீர்கள். புரையேறும்.

காதருகே கத்தவும் வேண்டாம். முகத்துக்கு நேராக, கீச்சிடாத கனத்த குரலில், நிதானமாகப் பேசினால் புரிந்துகொள்வார். "என்னை யாருன்னு தெரியுதா?" என்று தயவுசெய்து பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

வீட்டில் கவனித்துக்கொள்பவர்களே, கூட்டம் வந்து போனபின் நான்கைந்து நாள் அவர் பேச்சையும் சாப்பாட்டையும் கவனியுங்கள். திடீரென்று ஆளே மாறிப்போனால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வாசலில் நின்று "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், டாக்டர் திட்டுவார் என்று என் தலையில் போடுங்கள்.