தூங்கும் சிப்பை எழுப்புவது யார்?

வாலிநோக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். உப்பளப் பாத்தியின் நீர்மட்டத்தை வைஃபையில் அனுப்ப ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிச் சிப் பொருத்திய போர்டு ஒன்றை நட்டிருக்கிறாராம். 2,400 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் செல் ஒன்றரை நாள்கூடத் தாங்கவில்லை. "டீப் ஸ்லீப்பில் (சிப்பின் பெரும்பகுதியை அணைத்துவைக்கும் ஆழ்ந்த தூக்கம்) போடு என்கிறார்கள். எல்லாமே தூங்கிவிட்டால் எழுப்புவது யார் சார்?"

முதலில் கணக்கு. வைஃபையோடு விழித்திருக்கும் போர்டு 80 மில்லி ஆம்பியர் இழுத்தால் 30 மணி நேரத்தில் செல் காலி. டீப் ஸ்லீப்பில் சிப்புக்குச் சுமார் 10 மைக்ரோ ஆம்பியர் போதும். கால் மணிக்கு ஒருமுறை எழுந்து, 120 மில்லி ஆம்பியரில் நாலு நொடி வேலை பார்த்துவிட்டுப் படுத்தால் நாளுக்கு 13 மில்லி ஆம்பியர்-மணிதான். அதே செல் ஆறு மாதம் வரும்.

சரி, எழுப்புவது யார்? பிராசஸர், வைஃபை, பெரிய நினைவகம் எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுபோகும். ஒரு மூலையில் துடிப்புகளை எண்ணும் ஒரு கவுண்டரும் சில கிலோபைட் நினைவகமும் மட்டும் விழித்திருக்கும். கவுண்டர் குறித்த எண்ணைத் தொட்டதும் மற்றவர்களுக்கு மின்சாரம் திறந்துவிடும். எழுந்த சிப்புக்குப் பழையது எதுவும் ஞாபகம் இருக்காது. புரோகிராம் முதல் வரியிலிருந்து ஓடும். மறக்கக் கூடாததை அந்தச் சின்ன நினைவகத்தில் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கவுண்டருக்குத் துடிப்பு வேண்டுமே. கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே குவார்ட்ஸ், இசைக்கவை வடிவில் அரிசியளவு, நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விநோத எண்? 2-ஐ 15 முறை பெருக்கினால் அதுதான். இரண்டு துடிப்பு வந்தால் ஒன்று அனுப்பும் எளிய சுற்றுகள் 15-ஐ வரிசையாகக் கோத்தால் 16,384, 8,192, 4,096 என்று பாதி பாதியாகி, கடைசிச் சுற்றில் சரியாக நொடிக்கு ஒன்று! டிரான்சிஸ்டர் பெரும்பாலும் நிலை மாறும்போதுதான் மின்சாரம் தின்னும். மெதுவாகத் துடித்தால் தீனி குறைவு. பிராசஸரோ நொடிக்கு 24 கோடி துடிப்பு.

இந்தக் குவார்ட்ஸ் 25 டிகிரியில்தான் மிகச் சரியாக ஓடும். உப்பள வெயிலில் பெட்டிக்குள் 45 டிகிரி ஆனால் நாளுக்கு ஒரு நொடி பிந்தும். நீர்மட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. ஆனால் பெரும்பாலான மலிவு போர்டுகளில் இந்தக் குவார்ட்ஸே கிடையாது. சிப்புக்குள் இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டர் (ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வைத்துத் துடிப்பு உண்டாக்கும் சுற்று) துடிப்பு தரும்; அதன் வேகம் சூட்டுக்குத் தகுந்தபடி அலையும்.

அப்புறம், என் மொட்டைமாடி போர்டு ஆறு மாதக் கணக்குக்கு மூன்று வாரம்கூட ஓடவில்லை. ராசியில்லாத போர்டு என்றார்கள் வீட்டில். மல்டிமீட்டரை வைத்தேன்: 5 மில்லி ஆம்பியர். சிப் தூங்குகிறது, போர்டின் சிவப்பு எல்இடியும், வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரும் விடிய விடிய விழித்திருக்கின்றன! எல்இடியைப் பிடுங்கி, ரெகுலேட்டரை மாற்றினேன். கல்லூரி புராஜெக்ட்டுகளில் திரைக்கும் டேஷ்போர்டுக்கும் செலவழிக்கிறவர்கள் மைக்ரோ ஆம்பியர் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கித் தரலாம்.

வாலிநோக்கத்து வாசகர் பவர் பேங்க் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். வேண்டாம். தூங்கும் சிப் இழுப்பது அவ்வளவு சொற்பம் என்பதால், ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும்.