‘ஆர்ஃபன்’ பொதி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆர்ச் லினக்ஸ் பயனர்கள் நடத்தும் களஞ்சியமான ஏயுஆரில் ஏதாவது ஒரு மென்பொருளைத் தேடிப் பாருங்கள். வரும் பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் (பேக்கேஜ், அதாவது நிறுவுவதற்கு ஏற்றபடி கட்டிய மென்பொருள்) எதிரே அதன் பராமரிப்பாளர் பெயர் இருக்கும். சிலவற்றுக்கு மட்டும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்ஃபன்’ என்று இருக்கும். டெபியன், ஃபெடோரா போன்ற வேறு லினக்ஸ் வழங்கல்கள் (டிஸ்ட்ரிபியூஷன்கள்) பக்கம் போனாலும் இதே சொல்தான். தமிழில் எழுதும்போது ‘அநாதைப் பொதி’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தச் சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் பொருள். ஒரு மென்பொருளை எழுதுபவர் ஒருவர்; அதை ஒரு லினக்ஸ் வழங்கலுக்கு ஏற்றபடி பொதியாகக் கட்டித் தருபவர் பெரும்பாலும் வேறொருவர். இந்த இரண்டாமவரைத்தான் பராமரிப்பாளர் என்கிறோம், பேச்சில் மெயின்டெய்னர். புதிய பதிப்பு வந்தால் பொதியைப் புதுப்பிக்க வேண்டும். அது நம்பியிருக்கும் நூலகங்கள் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புகள்) மாறினால் மறுபடி தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும். வழு (பிழை) அறிக்கைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் உடனே அடைக்க வேண்டும். தன்னார்வலர்கள் நடத்தும் களஞ்சியத்தில் இதற்குச் சம்பளம் கிடையாது. இந்தப் பராமரிப்பாளர் விலகி, வேறு யாரும் அந்த இடத்துக்கு வராவிட்டால் அந்தப் பொதி ‘ஆர்ஃபன்’. மென்பொருளை எழுதியவர் நலமாக இருக்கலாம், போன வாரம்கூடப் புதிய பதிப்பு விட்டிருக்கலாம். அப்போதும் பொதியின் நிலை அதேதான்.

ஆங்கிலச் சொல் கிரேக்கத்தின் ‘ஓர்ஃபனோஸ்’ என்பதிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. பெற்றோரை இழந்தவர் என்று பொருள். இதன் இந்தோ-ஐரோப்பிய வேர் ‘ஓர்ப்’ என்று மொழியியலார் காட்டுகிறார்கள். ஒருவர் சார்பிலிருந்து இன்னொருவர் சார்புக்கு மாறுவது என்று அந்த வேருக்குப் பொருள் சொல்வார்கள். மரபுரிமையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் ‘எர்பெ’, கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல் ‘ரோபோட்டா’ (நம் ‘ரோபோ’ இங்கிருந்துதான் வந்தது) எல்லாம் இதே குடும்பம். இழப்பு, கைமாற்றம், கூலியில்லாத உழைப்பு மூன்றும் ஒரே வேரில் கிடக்கின்றன. பொதிப் பராமரிப்பை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த மூன்றும் நன்றாகவே தெரிந்தவை.

கணினித் துறையில் இந்தச் சொல் களஞ்சியங்களுக்கு முன்பே இருந்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு செயலாக்கத்தை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) தொடங்கிவைத்த தாய்ச் செயலாக்கம் முதலில் முடிந்துபோனால், மிஞ்சியது ‘ஆர்ஃபன்’. முதலில் தொடங்கும், எண் 1 கொண்ட ‘இனிட்’ செயலாக்கம் அதைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்ளும். அங்கே தாய்-பிள்ளை உறவு அமைப்பிலேயே இருப்பதால் உருவகம் அப்படியே பொருந்துகிறது. ஆர்ச்சின் பொதி மேலாளரான ‘பேக்மேன்’ இதே சொல்லை வேறு பொருளில் எடுத்துக்கொண்டது. இன்னொரு பொதி இயங்கத் தேவை என்பதால் சார்புப் பொதியாக உள்ளே வந்து, அந்தப் பொதியை நீக்கிய பிறகும் வட்டில் தங்கிவிட்டது அங்கே ‘ஆர்ஃபன்’. அதை நீக்கச் சொல்வார்கள். ஏயுஆரின் ‘ஆர்ஃபனை’யோ யாராவது எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒரே வழங்கலில் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். புதிதாக வருபவர் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டெபியன்தான் இந்த நிலையை மிக நுணுக்கமாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய அந்தத் திட்டத்தில், உழைப்பு தேவைப்படும் பொதிகளுக்கென்றே ‘டபிள்யூஎன்பிபி’ என்று ஒரு தனிப் பட்டியல் உண்டு. பராமரிப்பாளர் விலகிவிட்டால் பொதியின் பெயருக்கு முன்னால் ‘ஓ’ என்ற ஒற்றை எழுத்தோடு வழு அறிக்கை பதிவாகும். விலகும் எண்ணம் இருக்கிறது, ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்றால் ‘ஆர்எஃப்ஏ’. நானே இருக்கிறேன், கூட ஒரு கை வேண்டும் என்றால் ‘ஆர்எஃப்ஹெச்’. நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் முன்வந்தால் தலைப்பு ‘ஐடிஏ’ என்று மாறும். புதியவர் பொறுப்பேற்கும்வரை ‘ஓ’ நிலையில் உள்ள பொதியின் பராமரிப்பாளர் வரியில் டெபியனின் தரக் குழுவின் பெயர் இருக்கும். உரிமை உள்ள எந்த உறுப்பினரும் அதில் திருத்தம் ஏற்றலாம். ஆக டெபியனில் ‘ஆர்ஃபன்’ ஆன பொதி தெருவில் நிற்பதில்லை, ஊர்ப் பொதுவுக்கு வந்துவிடுகிறது. உங்கள் கணினியில் இருப்பவற்றில் எவை இந்த நிலையில் இருக்கின்றன என்று காட்ட ‘டபிள்யூஎன்பிபி-அலர்ட்’ என்ற சிறு கருவி உண்டு. என் கணினியில் அதை ஓட்டி ஒருமுறையும் வெறும் பட்டியல் வந்ததில்லை. டெபியன் வைத்திருப்பவர்கள் ஒரு தடவையாவது ஓட்டிப் பாருங்கள்.

சொல்லிக்கொண்டு விலகுபவரால் சிக்கல் இல்லை. சொல்லாமல் போய்விடுபவரால்தான் திண்டாட்டம். புது வேலை, கைக்குழந்தை, உடம்புக்கு முடியாமை என்று ஆயிரம் காரணம் இருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பொதி அவர் பெயரிலேயே கிடக்கும், மற்றவர்கள் தொடத் தயங்குவார்கள். இதற்காகவே டெபியன் 2018-இல் மீட்பு முறை ஒன்றைக் கொண்டுவந்தது. பொதியை மீட்க நினைப்பவர் அதை வழு அறிக்கையாக அறிவித்து 21 நாள் காத்திருக்க வேண்டும். பராமரிப்பாளர் மறுப்புச் சொல்லாவிட்டால், குறைந்தது 7 நாள் தாமதம் வைத்துப் புதிய பதிப்பை ஏற்றலாம். ஏயுஆரில் பொறுப்பை மாற்றக் கோரி விண்ணப்பித்தால் பராமரிப்பாளருக்கு இரண்டு வாரம் அவகாசம். ‘பழைய பதிப்பு’ என்று கொடி காட்டப்பட்டு 180 நாள் ஆகியிருந்தால் விண்ணப்பம் தானாகவே ஏற்கப்பட்டுவிடும். ஃபெடோராவில் ஆறு வாரத்துக்குள் யாரும் எடுக்காத பொதிக்கு ஓய்வு கொடுத்துவிடுவார்கள்.

பொறுப்பு கைமாறுவதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஏயுஆர் பொதி ஒன்றின் ‘பிகேஜிபில்ட்’ கோப்பைத் திறக்கலாம். மென்பொருளை எங்கிருந்து எடுப்பது, எப்படித் தொகுப்பது, எங்கே நிறுவுவது என்று சொல்லும் சிறிய நிரல் அது. முதல் வரியில் குறிப்பாகப் பராமரிப்பாளரின் பெயர். புதியவர் எடுத்துக்கொள்ளும்போது தன் பெயரை அங்கே எழுதி, பழையவரின் பெயரை அழிக்காமல் ‘பங்களித்தவர்’ என்று மாற்றிக் கீழே இறக்குவது வழக்கம். பல வருடம் ஓடிய பொதிகளில் இப்படி நான்கைந்து பெயர் வரிசையாக நிற்கும். அதன் பிறகே வேலை தொடங்குகிறது. பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும், மூலக்கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புத் தொகையைப் புதிதாகக் கணக்கிட வேண்டும், பொதியைக் கட்டும் ‘மேக்பிகேஜி’ கருவியை ஓட்டித் தொகுத்துப் பார்க்க வேண்டும், விவரக் கோப்பை மீண்டும் உருவாக்கி, மாற்றங்களைப் பதிவுசெய்யும் ‘கிட்’ கருவி வழியாக ஏற்ற வேண்டும். பெரும்பாலான பொதிகளுக்கு இது ஒரு மாலைப் பொழுது வேலை. ஒரு பெயர் அழியாமல் கீழே இறங்கி நிற்கும் இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் இதே வாசல் வழியாகத் திருடனும் வரலாம். 2018 ஜூலையில், லினக்ஸுக்கான ‘ஆக்ரோரீட்’ என்ற பிடிஎஃப் வாசிப்பான் பொதி பராமரிப்பாளர் இல்லாமல் இருந்தது. ஒரு கணக்கு அதை எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒரு நிரலை இறக்கி ஓட்டும் வரியைச் சேர்த்தது. கணினியின் விவரங்களைத் திரட்டி அனுப்புவது அந்த நிரலின் நோக்கம். கண்டுபிடித்ததும் மாற்றத்தை நீக்கிக் கணக்கை முடக்கினார்கள். அதே கணக்கு கைவைத்த வேறு பொதிகளும் சிக்கின. பொதிக்குப் பழைய பெயர், பழைய நற்பெயர். பின்னால் இருந்த ஆள் மட்டும் புதிது. ஏயுஆர் பொதியை நிறுவுமுன் ‘பிகேஜிபில்ட்’ கோப்பைப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘அநாதை’ வடசொல். ‘நாதன்’ என்றால் தலைவன், காப்பவன்; காப்பவன் இல்லாதவன் அநாதன். வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் இது ஆங்கிலச் சொல்லைவிட நன்றாகவே பொருந்துகிறது. பொதியைப் பெற்றவர் இருக்கிறார், காப்பவர்தான் இல்லை. ஆனால் இன்றைய தமிழில் ‘அநாதை’ என்றால் பெற்றோர் இல்லாத குழந்தை. அந்தக் குழந்தைகளையே அப்படிச் சொல்லக் கூடாது என்று ‘ஆதரவற்றோர்’ என்ற சொல்லுக்கு நாம் மாறிவருகிறோம். அங்கே விட்டுவிட்ட சொல்லை இங்கே கொண்டுவந்து வைக்க எனக்கு மனமில்லை.

‘ஏதிலி’ என்று சொல்லலாமே என்பார்கள் தனித்தமிழ் அன்பர்கள். அழகான சொல்தான். ஆனால் ஈழத்துப் போருக்குப் பிறகு அது அகதிகளின் சொல்லாகிவிட்டது. அதை அவர்களுக்கே விட்டுவிடுவது முறை. ‘கைவிடப்பட்ட பொதி’ எளிதாகப் புரியும், ஆனால் பழி சுமத்துகிறது. பல வருடம் இலவசமாக உழைத்து, முடியாதபோது நேர்மையாகச் சொல்லி விலகியவரைக் கைவிட்டவர் என்பது அநியாயம். ‘கேட்பாரற்ற பொதி’ காதுக்கு இனிமையாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் இங்கே கேட்பவர்களுக்குக் குறைவே இல்லை. வழு அறிக்கை மேல் வழு அறிக்கையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த அமைப்பிலேயே ‘பேணுவாரற்ற பொதி’ என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. பேணுதல் பழைய தமிழ்ச் சொல், இன்றும் வழக்கில் இருப்பது. இல்லாதது யார் என்பதைச் சரியாகச் சொல்கிறது, யார்மீதும் குற்றம் சாட்டவில்லை. பராமரிப்பாளர் என்ற சொல் ஏற்கெனவே வேரூன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. ‘பராமரிப்பாளரற்ற’ என்று நீட்டினால் மட்டும் நாக்கு சுளுக்கும்.

இதோடு வரும் ‘அடாப்ட்’ என்ற பொத்தானுக்கு ‘தத்தெடு’ என்று எழுதுவதிலும் ஒரு நெருடல். ‘தத்து’ என்பதன் மூலம் வடமொழியின் ‘தத்த’, கொடுக்கப்பட்டது என்று பொருள். கொடுப்பவர் ஒருவர் இருந்தால்தான் தத்து. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கோ தனக்கென்று தேர்ந்துகொள்வது என்று பொருள். ஏயுஆரில் நடப்பது அதுதான். கொடுப்பவர் இருந்தாலும் காவல் உறுதியில்லை என்பது வேறு விஷயம். எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் ஆசிரியர் களைத்திருந்த காலத்தில், பொறுமையாக உதவி நம்பிக்கை பெற்ற ஒருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார். அந்தக் கை 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணினிக்குள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் அதைத் துருவி, 2024 மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். அவர் கவனித்திராவிட்டால் அது டெபியனின் நிலையான பதிப்புவரை போயிருக்கக்கூடும்.

ஆகவே உறவுமுறைச் சொற்களை விட்டுவிட்டு, நம் அலுவல் தமிழில் புழங்கும் ‘பொறுப்பேற்றல்’ என்பதை ‘அடாப்ட்’ பொத்தானுக்கும், ‘பொறுப்பு விடுதல்’ என்பதை ‘டிஸ்ஓன்’ பொத்தானுக்கும் வைக்கலாம். ‘நேற்று இரண்டு பேணுவாரற்ற பொதிகளுக்குப் பொறுப்பேற்றேன்’ என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அட்டவணையில் இடம் குறைவாக இருந்தால் ‘பராமரிப்பாளர்: இல்லை’ போதும். பேக்மேன் சொல்லும் ‘ஆர்ஃபனுக்கு’ இந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம்; அது ‘தேவையற்றுப்போன சார்புப் பொதி’, அதை நீக்கினால் வட்டில் இடம் மிச்சமாகும்.