பிகினித் தீவின் தென்னைக்குப் பொட்டாஷ் பசி

ஹிரோஷிமாவில் 1945இல் அணுகுண்டு விழுந்தது. இன்று அந்த நகரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினித் தீவில் கடைசி அணுகுண்டுச் சோதனை முடிந்தது 1958இல். அங்கே மட்டும் ஏன் இன்னும் ஊர் திரும்பவில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் காரணம் குண்டு வெடித்த உயரம். ஹிரோஷிமா குண்டு தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் மேலே வெடித்தது. தீக்கோளம் மண்ணைத் தொடவில்லை. வெப்பமும் அதிர்வலையும் முதல் நிமிடக் கதிர்வீச்சும் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேரைக் கொன்றன. தப்பியவர்களிடம் சில ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோயும், பின்னர் மற்றப் புற்றுநோய்களும் கூடின. ஆனால் அணுப்பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்களில் பெரும்பங்கு நுண்துகளாக வானில் ஏறிப் பரவிவிட்டது. நகரின் மண்ணில் தங்கியது குறைவு.

பிகினியில் 1954 மார்ச் 1 அன்று வெடித்த ‘பிராவோ’ குண்டு நேர் எதிர். வெடித்தது பவளப்பாறையின் மேற்பரப்பில். ஆற்றல் 15 மெகாடன், அதாவது ஹிரோஷிமா குண்டைப் போல ஆயிரம் மடங்கு. வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்ததோ சுமார் 6 மெகாடன்தான். எரிபொருளில் இருந்த லித்தியம்-7 வினையில் சேராது என்று நினைத்தார்கள், அது சேர்ந்துகொண்டது. பல லட்சம் டன் பவளம் பொடியாகி, கதிரியக்கத்தைச் சுமந்துகொண்டு மேலே போய், காற்றுப் போன திசையில் இறங்கியது. அந்தத் திசையில் இருந்த ரொங்கெலாப் தீவில் அது வெள்ளைத் தூளாக விழுந்தபோது குழந்தைகள் அதில் விளையாடினார்கள். அமெரிக்கக் கடற்படை தீவு மக்களை அங்கிருந்து அகற்ற இரண்டு நாளுக்கு மேல் ஆனது. தோலில் புண், முடி உதிர்தல், வாந்தி. பல ஆண்டுகள் கழித்து, அன்று குழந்தைகளாக இருந்தவர்களின் தைராய்டில் கட்டிகள் வந்தன. கதிரியக்க அயோடினைத் தைராய்டு சேர்த்து வைத்துக்கொண்டதன் விளைவு அது.

சரி, அந்த அயோடின்-131க்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், எட்டே நாள். சில மாதங்களில் அது காணாமல் போய்விடும். பிகினியில் தங்கிவிட்டது சீசியம்-137. அதன் அரை ஆயுள் 30 ஆண்டு. இந்தக் கட்டுரையை நான் எழுத விரும்பியதே இந்தச் சீசியத்துக்கும் தென்னைக்கும் உள்ள உறவைச் சொல்லத்தான்.

தனிம அட்டவணையில் பொட்டாசியமும் சீசியமும் ஒரே நெடுவரிசையில் இருப்பதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். இரண்டின் அயனியும் ஒற்றை நேர்மின்சுமை கொண்டது. சீசியம் அயனி சற்றுப் பெரியது, அவ்வளவுதான். வேரின் செல் சுவரை ஒட்டிய சவ்வில் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கவென்றே சில புரதங்கள் உண்டு. மண்ணில் பொட்டாசியம் தாராளமாக இருந்தால், செடி அவற்றில் சிலவற்றை அடக்கியே வைத்திருக்கும். மண்ணில் பொட்டாசியம் வற்றும்போது, மிகக் குறைந்த அளவையும் விடாமல் பிடிக்கக்கூடிய புரதங்களைச் செடி நிறைய உண்டாக்கும். பசி வந்திடப் பத்தும் பறந்து போகும் என்பது வேருக்கும் பொருந்தும். பட்டினியில் உருவாகும் அந்தப் புரதங்கள் சீசியத்தையும் சேர்த்தே உள்ளே விட்டுவிடுகின்றன.

பிகினியின் மண் என்பது பவளமும் கிளிஞ்சலும் உடைந்த மணல், அதன்மேல் கொஞ்சம் மக்கு. பொட்டாசியம் மிகமிகக் குறைவு. தென்னையோ பொட்டாசியத்தை அள்ளி விழுங்கும் மரம். நம் ஊரில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் பொட்டாஷ் போடாமல் காய் எதிர்பார்க்க மாட்டார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைந்திருப்பதும் இதனால்தான். பிகினியில் அந்த இடத்துக்குச் சீசியம் வந்து சேர்கிறது.

இன்னொரு குறையும் அந்த மண்ணுக்கு உண்டு: களிமண் கிடையாது. செர்னோபில், ஃபுகுஷிமா பகுதிகளில் விழுந்த சீசியத்தில் பெரும்பங்கைக் களிமண் தாதுக்கள் தம் அடுக்குகளுக்கு இடையே இறுகப் பிடித்துவிட்டன. பவள மணலில் அப்படிப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை. அதனால் சீசியம் வேருக்கு எட்டும்படியே இருக்கிறது.

இதே மண் ஸ்ட்ரான்சியம்-90 விஷயத்தில் நேர்மாறாக நடந்துகொள்வதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்ட்ரான்சியம் கால்சியத்தின் உறவு, உடலில் புகுந்தால் எலும்பில் போய்த் தங்கும், அஞ்ச வேண்டிய பொருள். ஆனால் பவள மண் முழுக்கவே கால்சியம் கார்பனேட். செடிக்குக் கால்சியப் பசியே இல்லை. எங்கும் நிறைந்த கால்சியத்தோடு போட்டியிட்டு ஸ்ட்ரான்சியத்தால் அதிகம் உள்ளே வர முடியவில்லை. ஒரே குண்டு, ஒரே தீவு. எந்த நஞ்சு தட்டுக்கு வரும் என்பதைத் தீர்மானித்தது மண்ணில் எது இல்லை என்பதுதான்.

இது 1970களில் மனிதர்கள்மேல் நிரூபணமானது, அதுதான் கொடுமை. 1968இல் அமெரிக்க அதிபர் ஜான்சன் பிகினி பாதுகாப்பானது என்று அறிவித்தார். சோதனைகளுக்காக வெளியேற்றப்பட்டிருந்தவர்களில் சில குடும்பங்கள் திரும்பின. புதிதாக நட்ட தென்னைகள் காய்க்கத் தொடங்கியதும் அவர்கள் உடலில் சீசியம் ஏறியது. உடலிலும் அது பொட்டாசியத்தின் வழியே போய்த் தசைகளில் பரவும். பெரியவர்களுக்கு அதில் பாதி வெளியேற மூன்று மாதம் போல ஆகும். தினமும் சாப்பிட்டால் எப்படிக் குறையும்? 1978இல் மறுபடியும் தீவைக் காலி செய்தார்கள்.

அப்புறம் வந்த வழி எளிமையானது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் ராபிசனின் குழு பிகினித் தென்னைகளுக்குப் பொட்டாசியம் குளோரைடு போட்டது, நம் உரக்கடையில் கிடைக்கும் அதே பொட்டாஷ். காயில் சீசியம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. பலன் சில ஆண்டுகள் நின்றது. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் ஜப்பானிய விவசாயிகள் நெல் வயலில் பொட்டாஷ் போட்டதும் இதே தத்துவத்தால்தான்.

மஞ்சளும் துளசியும் சாணமும் கதிரியக்கத்தை முறிக்கும் என்று நம் கைப்பேசிகளில் செய்தி சுற்றுகிறது. அதைப் பகிரும் யாரும் ஒரு மரத்துக்குப் போட்டு, ஒரு மரத்துக்குப் போடாமல், காய் பறித்து அளந்து பார்த்ததில்லை. பிகினியில் அதைப் பல ஆண்டுகள் செய்தார்கள். இப்படிப்பட்ட பொறுமையான மண் ஆய்வுக்குப் பணம் கொடுப்பதை எந்த அரசும் பெருமையாக விளம்பரப்படுத்துவதில்லை என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. குண்டு செய்யக் கொட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

சர்வதேச அணுசக்தி முகமையும் 1998 அறிக்கையில் பொட்டாஷ் வழியையே பரிந்துரைத்தது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தால் சீசியம் போகும், ஆனால் அந்த மெல்லிய மக்கும் போய்த் தீவு வெறும் மணலாகிவிடும். ஆனாலும் பிகினி மக்களில் பலர் மண்ணையே அகற்றித் தரும்படிதான் கேட்டார்கள். இருமுறை ஊரை இழந்தவர்கள், ‘நஞ்சு அங்கேயே இருக்கும், மரம் குடிக்காது’ என்ற உறுதியை நம்பத் தயங்குவதில் எந்தத் தவறும் எனக்குத் தெரியவில்லை. 2001இல் மார்ஷல் தீவுகளின் அணுசக்தி இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவர்களுக்கு 56 கோடி டாலருக்கு மேல் தரச் சொன்னது. தீர்ப்பாயத்தின் நிதியில் அவ்வளவு பணம் இல்லை, மிகச் சிறு பகுதிதான் கைக்கு வந்தது. மீதியைக் கேட்டு அவர்கள் தொடுத்த வழக்கை 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது.