மைண்ட்ஃபுல்னெஸ் என்றால் மனநிறைவா?

தியானப் பயிற்சிக் கையேடுகளிலும் மனநலக் கட்டுரைகளிலும் மைண்ட்ஃபுல்னெஸ் (இந்தக் கணத்தில் நடப்பதைத் தீர்ப்பு சொல்லாமல் கவனிக்கும் பயிற்சி) என்பதற்கு 'மனநிறைவு' என்று போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். மைண்ட் என்றால் மனம், ஃபுல் என்றால் நிறை, இரண்டையும் ஒட்டினால் மனநிறைவு. கூட்டல் சரி, விடைதான் தப்பு. தமிழில் மனநிறைவு என்றால் திருப்தி. பயிற்சிக்கு வந்தவர் அந்தச் சொல்லை நம்பிக் கண்ணை மூடுவார். உள்ளே வருவதோ முழங்கால் வலியும், நேற்று யாரோ சொன்ன சுடுசொல்லும். 'எனக்கெல்லாம் இது சரிப்படாது' என்று பாதியில் எழுந்துவிடுவார். பிறருக்குச் சொல்லித்தரும் மருத்துவரும் செவிலியரும் மனநல ஆலோசகரும் இந்த ஒரு சொல்லில் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது.

சொல்லின் வேர் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இருக்கிறது: ஸதி. (தமிழ் முறைப்படி 'சதி' என்று எழுதினால் யாரோ யாருக்கோ குழி பறிப்பதாகப் படும், அதனால் கிரந்த எழுத்தே இருக்கட்டும்.) சமஸ்கிருதத்தில் இதுவே ஸ்மிருதி. இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் நினைவில் கொள்ளுதல். பௌத்தம் சொல்லும் எட்டு அங்க நெறியில் ஒன்றான 'ஸம்மா ஸதி'யை 1881-இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பில் பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் 'ரைட் மைண்ட்ஃபுல்னெஸ்' என்று ஆங்கிலமாக்கினார். ஆங்கிலத்திலும் மைண்ட் என்பதற்கு நினைவு என்ற பழம்பொருள் உண்டு. 'ரிமைண்ட்' செய்வதில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே 'ஃபுல்' என்ற விகுதியைப் பிடித்துக்கொண்டு நிறைவைத் தேடியது வீண் வேலை.

மருத்துவ உலகுக்குள் இந்தச் சொல் பரவியதில் அமெரிக்கரான ஜான் கபாட்-ஸின்னுக்குப் பெரிய பங்கு. 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வாழ்ந்தவர்களுக்காக அவர் தொடங்கிய பயிற்சி, பின்னர் எட்டு வாரப் பாடத்திட்டமாக உலகெங்கும் போனது. வேண்டுமென்றே, இந்தக் கணத்தில், நல்லது கெட்டது என்று தீர்ப்பு சொல்லாமல் கவனிப்பது என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். நினைவு என்ற பழம்பொருள் இதில் காணாமல் போனதுபோல் தோன்றும். ஆனால் பயிற்சியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: மூச்சைக் கவனிக்கிறோம், மனம் எங்கோ ஓடுகிறது, 'அட, ஓடிவிட்டேனே' என்று ஞாபகம் வருகிறது, திரும்புகிறோம். அந்த ஞாபகம் வரும் கணம்தான் ஸதி. மனம் ஓடியது தோல்வி ஆகாது. ஓடாவிட்டால் திரும்பும் பயிற்சிக்கே இடமில்லை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'விழிப்புணர்வு' பொருளுக்குக் கிட்டத்தில் வருகிறது, ஆனால் அதை நோய்த்தடுப்புப் பிரசாரத்துக்கு எப்போதோ கொடுத்துவிட்டோம். 'கவனக்குவிப்பு' ஒருமுகப்படுத்துதல், அது வேறு திறன். 'ஊழ்கம்' தியானத்துக்கான தனித்தமிழ்ச் சொல், இதற்குப் பொருந்தாது. குறளில் ஓர் அதிகாரமே 'பொச்சாவாமை' என்ற பெயரில் இருக்கிறது. மறதியாலும் மெத்தனத்தாலும் சோர்ந்துவிடாமல் இருப்பது அதன் பொருள். 'பொச்சாவாக் கருவி' என்று மறவாத மனத்தையே ஒரு கருவியாக வள்ளுவர் சொல்லும் இடம் ஸதிக்கு வெகு அருகில் நிற்கிறது. ஆனாலும் வலியோடு வந்தவரிடம் 'பொச்சாவாமை பழகுவோம்' என்றால், அவர் உச்சரிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

என் தேர்வு மிகச் சாதாரணமான ஒன்று: நினைவோடு இருத்தல். தமிழில் நினைவு என்பது ஞாபகத்தையும் குறிக்கும், உணர்வோடு இருப்பதையும் குறிக்கும். 'நினைவு தப்பிவிட்டது', 'நினைவு திரும்பியது' என்று மருத்துவமனையில் தினமும் சொல்கிறோம். ஸதி என்ற சொல்லும் இந்த இரண்டு பொருளையும் ஒன்றாகத்தான் சுமக்கிறது. சொல்லப்போனால் 'சூடு சொரணை'யில் வரும் சொரணையும் ஸ்மரணை என்ற அதே வேரிலிருந்து வந்ததுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: 'சுயநினைவு' என்று எழுத வேண்டாம். நோயாளி மயக்கத்தில் இருக்கிறாரா என்ற கேள்வியோடு அது குழம்பும்.

வழிகாட்டுபவருக்கே இந்தச் சொல்லில் ஒரு பங்கு உண்டு. ஸம்யுத்த நிகாயம் என்ற பாலி பௌத்த நூலில் கழைக்கூத்தாடி ஒருவரும் அவர் சீடரும் வருகிறார்கள். 'நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார் குரு. 'அப்படிச் சரிவராது, அவரவர் தம்மைப் பார்த்துக்கொண்டால்தான் இருவரும் பத்திரமாக மூங்கிலிலிருந்து இறங்குவோம்' என்கிறார் சீடர். புத்தர் சீடர் சொன்னதை ஏற்று, தன்னைக் காப்பதும் பிறரைக் காப்பதும் ஒன்றுக்கொன்று துணை என்கிறார். இரண்டுக்குமே வழியாக அவர் காட்டுவது ஸதியைப் பழகுவதைத்தான். நாள் முழுக்க அடுத்தவர் துயரத்தைக் கேட்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைப்பது கஷ்டம்.

நினைவோடு இருக்கப் பழகத் தனி நேரம் தேட வேண்டியதில்லை. சோப்புப் போட்டுக் கைகழுவ 40 முதல் 60 நொடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தண்ணீரின் சூடு, விரலிடுக்கில் நுரை, இறுகிக் கிடக்கும் தோள்: போன நோயாளியின் கதையை அடுத்தவர் அறைக்குள் தூக்கிப்போகாமலிருக்க அந்த நேரத்தைப் பயன்படுத்தலாம்.

பிறருக்குச் சொல்லும்போது, 'மனதை வெறுமையாக்குங்கள்' என்பதை விட்டுவிட்டு, 'மனம் போனது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புங்கள்' என்று சொல்லலாம். அதிர்ச்சியான அனுபவம் உள்ள சிலருக்குக் கண்ணை மூடுவதும் மூச்சைக் கவனிப்பதுமே பதற்றத்தைக் கிளப்பும். அவர்களிடம் கண்ணைத் திறந்தபடி பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்லலாம். கூட்டுச்சொற்களும் இந்த வழியில் எளிதாக அமையும்: நினைவோடு உண்ணுதல், நினைவோடு நடத்தல், நினைவோடு கேட்டல். படிவத்திலும் சான்றிதழிலும் ஒற்றைச் சொல்லாக வேண்டுமென்றால் 'நினைவோடிருத்தல்' என்று சேர்த்தே எழுதலாம். முதல் முறை மட்டும் பக்கத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று போட்டுவிட்டால் போதும்.