எல்லோரும் வாங்குகிற வாரத்தில் கார்டு வாங்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி வந்தான். கார்டுகளை ‘டெக்’ என்ற கட்டாகச் சேர்த்து எதிராளியோடு மோதுகிற ‘மேஜிக்’ (Magic: The Gathering) ஆட்டத்தின் கார்டு நான்கு. ஒவ்வொன்றும் ஸ்லீவுக்குள், அதற்கு மேல் கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள். நான்கும் ஒரே கார்டுதான். மேஜையில் வரிசையாக அடுக்கிவிட்டு, “இதை எடுத்துக்கிட்டு காசு கொடுத்துடுங்கண்ணா, வாங்கி மூணு வாரம்தான் ஆகுது” என்றான். நான் சொன்ன தொகை அவன் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முகம் செத்துப்போச்சு.

“இது ரேர் கார்டுண்ணா. ஜெயிக்கிற டெக் எல்லாத்துலயும் இருக்கு. எப்படிண்ணா விலை இறங்கும்?”

இதே கேள்வியோடு வருகிறவர்களை எண்ணுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். சிங்கிள்ஸ், அதாவது தனித்தனிக் கார்டுகள், வாங்கி விற்பதும், பழைய சேகரிப்புகளுக்கு மதிப்புப் போடுவதும்தான் என் பிழைப்பு. விலை எகிறுகிற வாரத்தில் எனக்கு லாபம்தான், மறைக்கவில்லை. ஆனால் மூன்று மாதம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசை ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டு என் முன்னால் வந்து நிற்கிறவனைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கார்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். நாலு மாதம் கழித்து அந்த இடத்தில் வேறொரு கார்டு இருக்கும், கதை இதேதான் இருக்கும்.

அவன் சொன்னதில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. ரேர், அதாவது அபூர்வமாகக் கிடைக்கிற கார்டு, என்றால் விலை. எல்லோரும் விளையாடினால் விலை. இரண்டுமே தப்பு. முதலாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் என் பொறுமையை அதிகம் சோதிக்கிறது.

கார்டின் ஓரத்தில் இருக்கும் தங்க நிறக் குறி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாங்குகிற பேக்கில் அது எத்தனை தடவைக்கு ஒருமுறை வரும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. மேஜிக்கில் ரேரைவிடவும் அபூர்வமான ‘மிதிக் ரேர்’ 2008-இல் வந்தது. அதற்கடுத்த சில வருடங்களின் ஒரு பெரிய செட்டை (ஒரே வெளியீட்டில் வருகிற கார்டுத் தொகுப்பை) எடுத்துக்கொள்ளுங்கள்: 53 ரேர், 15 மிதிக். கணக்குப் போட்டால் குறிப்பிட்ட ஒரு ரேர் ஏறத்தாழ 60 பேக்குக்கு ஒன்று, குறிப்பிட்ட ஒரு மிதிக் ஏறத்தாழ 120 பேக்குக்கு ஒன்று. பெட்டிக்கு 36 பேக் என்றால், நீங்கள் நினைக்கிற மிதிக் மூன்று பெட்டி உடைத்தாலும் வராமல் போகலாம். சரி, அப்படியானால் அந்த 68 கார்டுக்கும் நல்ல விலை இருக்க வேண்டுமே? இல்லை. விளையாட்டில் இடம் பிடிப்பவை ஒரு கைப்பிடிதான். மீதியெல்லாம் என்னிடம் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன, அந்தக் குறிகளோடுதான். யாராவது கிலோ கணக்கில் கேட்டால் கொடுத்துவிடுவேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ‘சோல் ரிங்’. 1993-இல் முதல் அச்சிலேயே வந்த கார்டு, ரேருக்கு ஒரு படி கீழே, அன்காமன். கமாண்டர் என்ற ஆட்ட வகையை விளையாடுகிறவர்களின் டெக்கில் அது இல்லாமல் பார்ப்பது அபூர்வம். ஸ்டேப்பிள், அதாவது எல்லா டெக்கும் கேட்கிற கார்டு, என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அதன் சாதாரண அச்சு மலிவு. 2011-இலிருந்து வருகிற ரெடிமேட் கமாண்டர் டெக் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒன்று போட்டுக் கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் வேண்டும், எல்லோரிடமும் இருக்கிறது. அப்புறம் எங்கிருந்து விலை வரும்?

இன்னொன்று, ‘ஃபோர்ஸ் ஆஃப் வில்’. 1996-இல் ‘அலையன்ஸஸ்’ செட்டில் அன்காமனாக வந்தது. இருபது வருடம் கழித்து, 2016-இல், ‘எடர்னல் மாஸ்டர்ஸ்’ செட்டில் அதே கார்டை மிதிக்காக அச்சிட்டார்கள். கார்டின் வேலையில் எந்த மாற்றமும் இல்லை. அன்காமனாக இருந்த காலத்திலேயே அதைக் கையில் வைத்திருந்தவர்கள் ராஜாக்கள். இதைச் சொல்லிக் காட்டினாலும் அடுத்த வாரம் யாராவது ஒருவர் தங்கக் குறி போட்ட கார்டுகளாகப் பொறுக்கி ஒரு ஃபைல் நிறையக் கொண்டுவந்து, “எல்லாமே ரேர் சார், மொத்தமா எவ்வளவு தருவீங்க?” என்பார்.

போக்கிமான் கார்டு ஆட்டத்தில் கதை வேறு மாதிரி. அங்கே பேக் உடைக்கிறவர்களில் பெரும்பாலோர் படத்துக்காக உடைக்கிறார்கள். அதனால் எல்லா டெக்கிலும் நான்கு நான்காகப் போகிற சப்போர்ட்டர் என்ற உதவிக் கார்டுகள் தெருவில் கிடக்காத குறையாகக் கிடைக்கும். சாரிசார்ட் என்ற புகழ்பெற்ற போக்கிமானின் கார்டு விலைக்கும் போட்டி மேஜைக்கும் சம்பந்தமே கிடையாது. அது சேகரிப்பவர்கள் உலகம், அதை வைத்து விளையாட்டுக் கார்டின் விலையைக் கணிக்காதீர்கள்.

விலை எங்கிருந்துதான் வருகிறது? இன்றைக்கு விற்பனைக்கு வெளியே இருக்கிற பிரதிகள் எத்தனை, இந்த வாரம் அது இல்லாமல் முடியாது என்று நிற்கிறவர்கள் எத்தனை பேர், அவ்வளவுதான். அச்சடித்த மொத்த எண்ணிக்கை லட்சக்கணக்கில் இருக்கலாம். அதில் முக்கால்வாசி யாருடைய டெக்கிலோ, அட்டைப்பெட்டியிலோ தூங்கும். ஒரு பெரிய போட்டியில் ஒரு டெக் ஜெயிக்கிறது. அன்று ராத்திரி விற்பனையில் இருப்பது நாற்பது பிரதி என்று வையுங்கள். பத்துப் பேர் நான்கு நான்காக வாங்கினால் தீர்ந்தது. அதன் பிறகு யாராவது புதிதாகப் போடுகிற இரண்டு பிரதிக்கு என்ன விலை எழுதினாலும், மறுநாள் காலை அதுதான் ‘மார்க்கெட் விலை’ என்று கண்ணில் படும். அந்த விலைக்கு யாராவது உண்மையில் வாங்கினார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. சில நேரம் ஒரே ஆள் மொத்தத்தையும் சுருட்டிவிட்டு, இரட்டிப்பு விலையில் திரும்பப் போடுவதும் உண்டு. இரண்டு வாரத்தில் பெட்டியில் தூங்கிய பிரதிகள் எல்லாம் எழுந்து வரும். விலை இறங்கும். தம்பி வாங்கியது அந்தக் காலையில்.

அவன் விஷயத்தில் இதற்கு மேலும் ஒரு அடி விழுந்தது. வாங்கிய பத்தாம் நாள் மறுபதிப்பு அறிவிப்பு வந்துவிட்டது.

மறுபதிப்பு வந்தால் விலை கட்டாயம் விழும் என்றும் நம்ப வேண்டாம். ‘டார்மோகோய்ஃப்’ என்ற மேஜிக் கார்டின் கதை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 2007-இல் ‘ஃப்யூச்சர் சைட்’ செட்டில் ரேராக வந்தது. 2013-இல் ‘மாடர்ன் மாஸ்டர்ஸ்’ செட்டில் மிதிக்காக மறுபதிப்பு. விலை விழும் என்று காத்திருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள், ஏறியது! பேக்கில் ஒன்று கிடைத்தவன் டெக்குக்கு வேண்டிய மிச்சம் மூன்றைத் தேட ஆரம்பித்தான், அந்தக் கார்டு ஆடப்பட்ட ஃபார்மட்டுக்கு (ஆட்ட வகைக்கு) புதிதாக வந்த கூட்டமும் தேடியது. 2015-இலும் 2017-இலும் மறுபடி அச்சானது. 2017 தொடக்கத்தில் ‘ஃபேட்டல் புஷ்’ என்று ஒரு மலிவான பதிலடிக் கார்டும் வந்தது. ஆட்டம் மாறிப் பழைய டெக்குகள் ஒதுங்க ஒதுங்க, ஒருகாலத்தில் யாரும் தொட அஞ்சிய அந்த விலை கரைந்தே போனது. அச்சு மட்டும் அதைக் கொல்லவில்லை, தேவை போனதுதான் கொன்றது.

மறுபதிப்பே வராத கார்டுகளும் உண்டு. 1995-இல் ‘க்ரானிக்கிள்ஸ்’ என்று பழைய கார்டுகளைத் தாராளமாக மறுபடி அச்சிட்டார்கள். சேகரித்து வைத்தவர்கள் கொதித்துப்போய், 1996-இல் ‘ரிசர்வ்டு லிஸ்ட்’ வந்தது. அதில் இருக்கும் கார்டுகளைப் போட்டியில் செல்லும்படி இனி அச்சிடுவதில்லை என்பது நிறுவனம் கொடுத்த வாக்கு. ‘பிளாக் லோட்டஸ்’ அதில் ஒன்று. 1993-இன் ஆல்பா என்ற முதல் அச்சில் ஒவ்வொரு ரேரும் ஏறத்தாழ 1,100 பிரதிதான். உண்மையான தட்டுப்பாடு என்றால் அது. நீங்கள் நேற்று பேக்கில் எடுத்த கார்டு அந்த ஜாதி இல்லை. அதற்கு என்ன வாக்கும் யாரும் கொடுக்கவில்லை.

யூ-கி-ஓ என்ற இன்னொரு கார்டு ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு இது பழகிப்போன வலி. ‘ஆஷ் பிளாசம்’ என்ற கார்டு 2017-இல் சீக்ரெட் ரேர் என்ற அபூர்வ அச்சாக மட்டும் வந்தபோது, டெக்குக்கு வேண்டிய மூன்று பிரதி வாங்க ஆலாய்ப் பறந்தார்கள். பிறகு பலமுறை, மிகச் சாதாரணமான வடிவங்களிலும் வந்துவிட்டது. முதல் மாதம் அவசரப்பட்டவர்தான் முழு விலை கொடுத்தார்.

அப்புறம் தடை. செப்டம்பர் 23, 2024. கமாண்டரில் ‘மானா கிரிப்ட்’, ‘ஜூவல்டு லோட்டஸ்’, ‘டாக்சைடு எக்ஸ்டார்ஷனிஸ்ட்’ மூன்றையும், கூடவே ‘நாடு’ என்கிற கார்டையும் ஒரே நாளில் தடை செய்தார்கள். முதல் மூன்றும் விலையில் உச்சத்தில் இருந்தவை. ‘ஜூவல்டு லோட்டஸ்’ 2020-இல் கமாண்டருக்கென்றே வடிவமைத்த கார்டு. அந்த ஆட்டத்தில் செல்லாது என்றால் வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது? அன்று சாயங்காலம் எனக்கு வந்த செய்திகளுக்குப் பதில் எழுதவே மனம் வரவில்லை. ஒருவர் அதை முந்தின நாள்தான் வாங்கியிருந்தார்.

ஆக, எல்லோரும் விளையாடுகிற கார்டுக்குத்தான் மறுபதிப்பு முதலில் வரும், தடையும் முதலில் வரும். பிரபலமாக இருப்பது கார்டுக்குக் காப்பு என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் தலைக்கு மேல் கத்தி தொங்குவதே பிரபலமான கார்டுக்குத்தான்.

தம்பியின் கதையில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நான்கில் ஒன்றை உறையிலிருந்து எடுத்தபோதே விரலுக்கு வித்தியாசமாக இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்தேன். மேஜிக் கார்டின் பின்பக்கத்தில் ஐந்து நிறத்தில் ஐந்து வட்டம் இருக்கும். பச்சை வட்டத்தின் மேற்பகுதியில், அசலில், நான்கு சிவப்புப் புள்ளிகள் ஒரு மூலை மடங்கின மாதிரி உட்கார்ந்திருக்கும். மூன்று கார்டில் இருந்தது. நான்காவதில் வெறும் பச்சைக் குழம்பு. முன்பக்கத்தில் எழுத்துகளும் கறுப்பாக ஒரே தீற்றலாக இல்லாமல் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தன. அவனையே பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. விலை எகிறுகிற வாரத்தில் போலிகள் கிளம்பும். வாங்குகிறவர் கையும் அவசரம், கண்ணும் அவசரம், விற்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

தயவுசெய்து போட்டி முடிந்த வாரத்தில் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், கேட்கிற விலையைப் பார்க்காமல் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். கடை அதே கார்டை என்ன விலைக்குத் திரும்ப எடுக்கும் என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பள்ளம் பெரிதாக இருந்தால், கடைக்காரரே அந்த விலையை நம்பவில்லை என்று அர்த்தம். (நாங்கள் எப்போதும் குறைத்துத்தான் எடுப்போம், அதற்காக என்னைத் திட்ட வேண்டாம். மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கப்போவது என் காசு.) மிக எளிய அச்சை வாங்குங்கள், ஆட்டத்தில் எல்லா அச்சும் ஒன்றுதான். ஃபாயில் என்ற பளபளப்பு அச்சுக் கார்டு ஈரக்காற்றில் வளைந்து, பின்பக்கத்தைப் பார்த்தே அடையாளம் தெரியும்படி குறிவைத்த கார்டு என்று நடுவர் சந்தேகப்படும் அளவுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கூடுதல் காசு வேறு!

டெக்கைக் கட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் எழுதி ஸ்லீவில் செருகி நண்பர்களோடு பத்து ஆட்டம் ஆடிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அந்த டெக் பிடிக்காமலே போய்விடும். முறையான போட்டியில் காகிதம் செல்லாது, அங்கே இரவல் வாங்குங்கள். இரவல் கேட்க வெட்கப்படுகிறவர்கள்தான் என்னிடம் மூன்று வாரம் கழித்து விற்க வருகிறார்கள். முகம் தெரியாதவரிடம் வாங்குவதாக இருந்தால் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியும், ஒப்பிட அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு மலிவுக் கார்டும் கையில் இருக்கட்டும். வளைத்துப் பார்க்கிற சோதனையை மட்டும் செய்யாதீர்கள். அசலாக இருந்தால் அதையும் கெடுத்துவிடுவீர்கள்.

கார்டைச் சேமிப்பாக நினைக்கிறவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. உங்கள் காசு.

தம்பி கடைசியில் விற்கவில்லை. மூன்றையும் திரும்ப உறையில் போட்டுக்கொண்டான். நான்காவதை இரண்டாகக் கிழிக்கப் போனவனிடம், கொடுத்துவிட்டுப் போ என்று வாங்கி வைத்தேன். அது இப்போது மேஜை டிராயரில், பூதக்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அந்தப் பச்சை வட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் இந்த வாரமும் வந்தான், மூன்று கார்டோடு ஆடினான், நான்காவதைப் பக்கத்து மேஜைப் பையனிடம் இரவல் வாங்கியிருந்தான்.