தூசி சொன்ன பிறந்த நாள்

1949 செப்டம்பர் 3. ஜப்பானின் மிசாவா தளத்திலிருந்து அலாஸ்காவுக்கு அமெரிக்க விமானப்படையின் வானிலை விமானம் ஒன்று பறந்தது. அணுகுண்டு வெடிப்பின் தடயம் தேடி வழியெல்லாம் காற்றைச் சலித்துக்கொண்டே வந்த வடிதாளைத் தரையிறங்கியதும் கதிரியக்க அளவியில் வைத்தார்கள். நிமிடத்துக்கு 50 துடிப்புகளைத் தாண்டினால் எச்சரிக்கை என்பது ஏற்பாடு. அளவி 85 காட்டியது. அடுத்த தாளில் 153.

அதற்கு முன் வந்த 111 எச்சரிக்கைகளும் இயற்கையின் வேலையாகவே முடிந்திருந்தன. மண்ணிலிருந்து கசியும் ரேடான் வாயுவின் வழித்தோன்றல்களும் வடிதாளில் படியும். ஆனால் அவை ஓரிரு நாளில் அழிந்துவிடும். இந்தத் தாள்களின் கதிரியக்கம் அப்படி அடங்கவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஆய்வகத்தில் தாள்களைக் கரைத்து, தனிமம் தனிமமாகப் பிரித்தார்கள். பேரியம், சீரியம், மாலிப்டினம்: அணுக்கரு பிளந்தால் பிறக்கும் துண்டுகள்.

இந்த ஆய்வில் என்னை மிகவும் வியக்கவைப்பது அடுத்த படிதான். துண்டுகள் எந்த விகிதத்தில் பிறக்கும் என்பது தெரியும். ஒவ்வொன்றும் தன் வேகத்தில் தேய்கிறது. மாலிப்டினம்-99 (எண் அணுவின் வகையைக் குறிக்கும்) பாதியாக 66 மணி நேரம் போதும். பேரியம்-140க்கு ஏறத்தாழ 13 நாள். சீரியம்-144க்கு 285 நாள். எனவே இன்று மிஞ்சியிருக்கும் விகிதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் பிறந்த நாள் கிடைக்கும். அணு உலையில் பிளவு மாதக்கணக்கில் நடப்பதால் ஒவ்வொரு தனிமமும் வெவ்வேறு வயதைக் காட்டும். குண்டில் எல்லாம் ஒரே கணத்தில் பிறந்தவை. இங்கே வயதுகள் ஒத்துப்போயின. ஆகஸ்ட் 26க்கும் 29க்கும் இடையில் வெடித்திருக்க வேண்டும் என்று வல்லுநர் குழு முடிவுசெய்தது. சோவியத் ஒன்றியம் இன்றைய கஜகஸ்தானில் உள்ள செமிபலாட்டின்ஸ்கில் தன் முதல் அணுகுண்டை ரகசியமாக வெடித்தது ஆகஸ்ட் 29 அன்று. செப்டம்பர் 23 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் அதை உலகுக்கு அறிவித்தார்.

நிலத்தடிச் சோதனைகளில் தூசி பாறைக்குள்ளேயே அடைபட்டுவிடும். அப்போது கைகொடுப்பது அணுக்கருப் பிளவில் பிறக்கும் இன்னொரு துண்டான செனான். எதனுடனும் எளிதில் சேராத வாயு என்பதால் அது பாறை விரிசல்கள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும். வடகொரியா 2013 பிப்ரவரி 12 அன்று நிலத்தடியில் குண்டு வெடித்தபோது முதலில் எதுவும் சிக்கவில்லை. 55 நாள் கழித்து ஜப்பானின் தகாசாகி கதிரியக்கக் கண்காணிப்பு நிலையத்தில் செனான் பிடிபட்டது. செனான்-133 ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை பாதியாகும். அதற்குள் பத்து முறைக்கு மேல் பாதியாகியிருந்தது. மருத்துவத்துக்கான கதிரியக்கப் பொருள்களைத் தயாரிக்கும் ஆலைகளும் செனானை வெளியிடுவதால், கிடைத்தது மட்டும் போதாது. செனான்-133ஐ, அதைவிட மெதுவாகத் தேயும் இன்னொரு செனான் வகையான செனான்-131எம்முடன் ஒப்பிட்டார்கள். இரண்டின் விகிதம் பிப்ரவரி வெடிப்போடு பொருந்தியது.